கேகாலைப் பாணியும் நம்மட பரிசாரியும்: மருந்துக்குச் சான்று கேட்ட வரலாறு

2020 டிசம்பர், இரண்டாவது வாரம். கேகாலைக்குப் பக்கத்தில் ஹெட்டிமுல்ல என்றொரு கிராமம். கொவிட் கட்டுப்பாடுகள் நாடு முழுக்க இருந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான சனம் அந்தக் கிராமத்துக்குள்ள முண்டியடித்துக்கொண்டு நின்றது. தம்மிக்க பண்டார என்பவர் தேன், சாதிக்காய் முதலானவற்றைச் சேர்த்து ஒரு பாணி காய்ச்சியிருந்தார். அது கொரோனாவைச் சுகப்படுத்தும், வராமலும் தடுக்கும் என்றார். செய்முறையைக் காளி அம்மன் தனக்கு அருளியதாகவும் சொன்னார். பாணி பாராளுமன்றம் வரைக்கும் போனது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி எல்லாரும் பார்க்கவே குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது.

இந்தக் கதையை இப்ப சொன்னாலும் எல்லாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் சிரிச்சிட்டு விடுற கதை இல்லை இது. அதே வாரம்தான் கொழும்பில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் ஜனாஸா பெற்றோரின் சம்மதமில்லாமல் எரிக்கப்பட்டது. கொவிட்டால் இறந்தவரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்பது அரசாங்கம் சொன்ன காரணம்.

ஒரு பக்கம், பரிசோதிக்காத ஒரு பாணியை அமைச்சரே குடிக்கிறார். மறுபக்கம், நிரூபிக்காத ஒரு கருத்தை 'விஞ்ஞானம்' என்று சொல்லி ஜனாஸாவை எரிக்கிறார்கள். முதலாவது பாரம்பரியத்தின் பெயரில் நடந்தது, இரண்டாவது விஞ்ஞானத்தின் பெயரில் நடந்தது. இரண்டிலும் இல்லாமல் போனது ஒரே ஒரு கேள்வி: இதுக்குச் சான்று எங்கே?

நாட்டு மருந்தா, இங்கிலீசு மருந்தா என்று நம்மட ஊர்களில் நடக்கிற வாக்குவாதம் முடிவே இல்லாதது. இந்தக் கட்டுரையில் நாங்கள் அதற்குத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்தச் சண்டையில் கோடு தவறான இடத்தில் கீறப்பட்டிருக்கு என்பதுதான் எங்கள் பேச்சு. மருந்து எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது பெரிய விசயமே இல்லை. அது சோதிக்கப்பட்டதா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதைப் பார்க்க நாம் கேகாலையிலிருந்தே தொடங்கலாம். ஏனென்றால் அந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய கதை உண்டு.

அதே கேகாலை, 1934

1934 கடைசியில் இலங்கையில் ஒரு மலேரியாக் கொள்ளைநோய் கிளம்பியது. மழை பொய்த்து ஆறுகள் வற்றி, ஆற்றுப்படுக்கையில் தேங்கின குட்டைகளில் நுளம்பு பெருகியது. வழமையாக மலேரியாவே பெரிதாக இல்லாத ஈரவலயம் அது. அதனால் சனத்துக்கு எதிர்ப்புச் சக்தியும் இல்லை. மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் கேகாலையும் ஒன்று. 1935இல் நோய் தணியும் முன் நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

அந்த நேரத்தில் கேகாலைப் பக்கம் வீடு வீடாக மருந்து கொண்டுபோனவர்களில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் முக்கியமானவர்கள். டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன போன்றவர்கள் அதில் இருந்தார்கள். பிறகு இலங்கையின் இடதுசாரிக் கட்சிகளைக் கட்டியெழுப்பினவர்களும் இவர்கள்தான். நோயாளிகள் காய்ச்சலால் மட்டும் சாகவில்லை, பட்டினியாலும் சாகிறார்கள் என்று நேரில் கண்டுகொண்டார்கள். குயினைனோடு சேர்த்து மார்மைட்டும் உணவும் கொடுத்தார்கள்.

குயினைன் என்றவுடன் 'இங்கிலீசு மருந்து' என்று நினைக்கிறோம். ஆனால் அது தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில் வளர்கிற சின்கோனா மரத்தின் பட்டை. 17ஆம் நூற்றாண்டில் யேசுசபைப் பாதிரிமார் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது அதைச் சந்தேகித்தவர்களும் ஐரோப்பியர்தான். 'பாதிரிமாரின் பட்டை' என்று புரட்டஸ்தாந்துக்காரர்கள் பலர் தொடவே மறுத்தார்கள். 1820இல் பெலெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு கொடுத்தால் நஞ்சாகும் என்று அளந்து சொல்ல முடிந்தது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் நாம் பூப்பார்க்கப் போகிற ஹக்கலைத் தோட்டம்கூட 1861இல் சின்கோனா வளர்க்கவென்றுதான் தொடங்கப்பட்டது.

இதே மலேரியாவுக்கு இன்றைக்கு முதன்மையாகக் கொடுக்கப்படுகிற ஆர்டிமிசினின் மருந்தும் ஒரு சீன மூலிகையிலிருந்து வந்ததுதான். 1960களின் கடைசியில் து யூயூ என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவும் பழைய சீன வைத்திய நூல்களைக் கிளறி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செய்முறைகளைப் பார்த்தார்கள். மூலிகைகளைச் சாறெடுத்து எலிகளில் சோதித்தார்கள். பெரும்பாலானவை தோற்றுப்போயின. கடைசியில் நின்ற ஒன்றும் முதலில் சரிவரவில்லை. 4ஆம் நூற்றாண்டு நூலொன்றில் அந்தச் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியத்தான் சொல்லியிருக்கிறது என்பதை அவர் கவனித்தார். சூடு மருந்தைக் கெடுக்குது என்று புரிந்தது. குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையை நாட்டு மருந்துக்காரர்கள் "பார்த்தீங்களா, பழைய ஆக்கள் சொன்னது சரிதானே" என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தப் பழைய நூல்களில் இருந்த மற்றச் செய்முறைகள் எத்தனை தோற்றன என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. எது நெல், எது பதர் என்று நூல் சொல்லவில்லை. தூற்றிப் பார்த்துத்தான் தெரிந்தது.

மருந்து எப்படி மானப் பிரச்சினை ஆனது

அப்படியென்றால் தூற்றிப் பார்ப்போம் என்று சொன்னால் ஏன் இவ்வளவு கோபம் வருது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நம்மட பகுதியில் பரிசாரி என்றால் வெறும் மருந்துக்காரர் மட்டுமில்லை. எலும்பு முறிவுக்கு ஒருவர், விஷக்கடிக்கு ஒருவர், சின்னப் பிள்ளைகளின் மாந்தத்துக்கு ஒருவர் என்று பரம்பரையாக வந்தவர்கள். மருத்துவிச்சி இல்லாமல் ஒரு தலைமுறைக்கு முன் எந்த வீட்டிலும் பிள்ளை பிறந்ததில்லை. சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் நம்மட ஊர்களில் கலந்துதான் கிடந்தது. கண்டி அரசர் காலத்தில் அரண்மனைக்கு வைத்தியம் பார்த்தவர்களில் முஸ்லிம் வைத்தியப் பரம்பரையினரும் இருந்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர் லோனா தேவராஜா விரிவாக எழுதியிருக்கிறார். இதில் ஒரு பெருமை இருப்பது நியாயம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த வைத்தியங்களுக்கு மதிப்பில்லாமல் போனது. அரச ஆஸ்பத்திரி, அரச சம்பளம், பட்டம் எல்லாம் மேற்கத்திய மருத்துவத்துக்கே. அதற்கு எதிராகச் சுதேச வைத்தியத்தை மீட்கும் இயக்கம் தேசிய அரசியலோடு சேர்ந்து எழுந்தது. சென்னையில் 1920களின் தொடக்கத்தில் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு ஆயுர்வேதம், சித்தம், யூனானி பற்றி ஆராய்ந்தது. கொழும்பில் 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரி திறந்தது. 1956 தேர்தலில் பண்டாரநாயக்க அணிதிரட்டிய 'ஐம்பெரும் சக்திகளில்' பிக்குமார், ஆசிரியர், விவசாயி, தொழிலாளியோடு சுதேச வைத்தியரும் ஒரு சக்தி. 1961இல் ஆயுர்வேதச் சட்டம் வந்தது. சித்தமும் யூனானியும் அதற்குள்ளேயே அடங்கின. இன்றைக்கு நிந்தவூரில் அரச ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருப்பதற்கும் இந்த வரலாறுதான் காரணம்.

அவமதிக்கப்பட்ட ஒரு அறிவுக்கு மரியாதை திரும்பிக் கிடைத்தது நல்ல விசயம். ஆனால் அதோடு ஒரு சிக்கலும் வந்து ஒட்டியது. மருந்து வேலை செய்யுதா என்ற கேள்வி, நம்மட பண்பாட்டை மதிக்கிறியா என்ற கேள்வியாக மாறிப்போனது. கேள்வி கேட்கிறவன் வெள்ளைக்காரனுக்குப் பிடிச்சவன் ஆகிவிட்டான். 2020இல் ஹெட்டிமுல்லப் பாணியைச் சந்தேகித்த வைத்தியர்கள் மீது விழுந்த வசவுகளில் பாதி இந்த வகைதான்: "எங்கட வெதகமவை அவமதிக்கிறாங்க." பாணிக்காரர் ஆயுர்வேதம் படித்தவரும் இல்லை, பரம்பரை வைத்தியரும் இல்லை என்று சுதேச வைத்தியர்களே சுட்டிக்காட்டினாலும் அந்தக் கூச்சலில் எடுபடவில்லை.

மறுபக்கமும் இதே பிழைதான். 'இங்கிலீசு மருந்து' என்ற பெயரே அந்த மருத்துவத்தை அந்நியமாக்குது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் 1848 முதல் வேலை செய்த அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் கிறீன் இதை உடைக்கப் பார்த்தவர். அவர் மதம் பரப்பவும்தான் வந்தார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நின்றார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம், இரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழில் நூல் செய்தார், செய்வித்தார். 1860களில் அவருடைய மாணவர்கள் தமிழிலேயே மருத்துவம் படித்து வெளியே வந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு ஒரு மொழிதான் தாய்மொழி என்று சட்டம் இல்லை.

சான்று கேட்பது யாருடைய சொத்து?

"சோதனை, புள்ளிவிபரம் எல்லாம் மேற்கத்தைய பார்வை" என்று சொல்கிறவர்களுக்கு நாங்கள் நினைவூட்ட விரும்புவது யூனானியின் மூலவர்களையே.

அபூபக்ர் அல்-ராஸி 9ஆம் நூற்றாண்டில் ஈரானின் ரை நகரில் பிறந்தவர். பெரியம்மைக்கும் சின்னமுத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாக எழுதியவர். மூளைக்காய்ச்சலுக்கு இரத்தம் குத்தியெடுப்பது பயன்தருமா என்று அவருக்கு ஒரு கேள்வி வந்தது. ஒரு கூட்டம் நோயாளிகளுக்கு இரத்தம் எடுத்தார், இன்னொரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டார், இரண்டையும் ஒப்பிட்டார். அவர் கண்ட முடிவு இரத்தம் எடுப்பது நல்லது என்பது. இன்றைக்கு அது பிழையென்று தெரியும். ஆனால் அவர் தேடிய வழி சரியானது. அந்த வழியால் போனவர்கள்தான் பின்னாளில் அவருடைய முடிவையும் திருத்தினார்கள். யூனானிக்கே ஆசான் என்று கருதப்பட்ட கலேனைக் கேள்வி கேட்டு ஒரு தனி நூலே எழுதியவர் அவர்.

இப்னு சீனாவின் 'கானூன்' இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிக்க விதிகள் இருக்கின்றன. மருந்து கலப்பில்லாமல் இருக்க வேண்டும். ஒரே நோய் உள்ளவரில் பார்க்க வேண்டும், பல நோய் கலந்தவரில் பார்த்தால் எது எதைச் சுகப்படுத்தியது என்று தெரியாது. பலன் ஒருமுறை வந்தால் போதாது, திரும்பத் திரும்ப வரவேண்டும். மிருகத்தில் வேலை செய்தால் மனிதரிலும் செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. 1025 வாக்கில் முடிந்த நூல் இது. ஆயிரம் வருசத்துக்கு முந்தின இந்த விதிகளில் ஒன்றிலாவது ஹெட்டிமுல்லப் பாணி தேறியிருக்குமா?

'நபிவழி மருத்துவம்' என்ற பெயரில் இப்ப போத்தல் போத்தலாக விற்கப்படுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தன் 'முகத்திமா'வில், அந்த மருத்துவக் குறிப்புகள் அக்கால அரபு நாட்டுப்புற அனுபவத்தைச் சேர்ந்தவை, வஹீயின் பகுதி இல்லை என்று எழுதினார். நபியவர்கள் மார்க்கத்தைக் கற்பிக்க வந்தார்களே தவிர மருத்துவத்தைக் கற்பிக்க அல்ல என்பது அவருடைய வாதம். இதை மறுத்த அறிஞர்களும் உண்டு. ஆனால் இந்த விவாதம் நம்மட மரபுக்குள்ளேயே 600 வருசமாக நடக்குது. இமாம் கஸ்ஸாலியோ மருத்துவம் கற்பதை பர்ளு கிஃபாயா என்றார், அதாவது ஊரில் யாராவது கற்றே ஆகவேண்டிய கடமை. கேள்வி கேட்பதால் ஈமான் குறையும் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை.

வயலில் ஒரு கணக்கு: பாம்புக்கடி

இனி மாவடிப்பள்ளிக்கு வருவோம். காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போற வழி, இரண்டு பக்கமும் வயல். வேளாண்மை செய்யிற ஊரில் பாம்புக்கடி தெரியாத குடும்பம் இருக்காது. நாட்டு வைத்தியத்தின் புகழ் உச்சத்தில் இருப்பதும் இந்த விசயத்தில்தான். "அவர்ர கைராசி, நூறு பேரைப் பாத்திருக்கார், ஒருத்தரும் மௌத்தாகல்ல" என்று விஷக்கடி வைத்தியர் பற்றி எல்லா ஊரிலும் ஒரு கதை உண்டு. அந்தக் கதை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாகவே இருந்தாலும் அது எதையும் நிரூபிக்காது. எப்படி என்று பாருங்க.

2012-13இல் இலங்கை ஆய்வாளர்கள் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்புச் செய்தார்கள். அதன்படி ஒரு வருசத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அதில் விஷம் ஏறியவர்கள் 30,000 சொச்சம். இறந்தவர்கள் 400க்கு மேல். அதாவது கடிபட்ட எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு விஷமே ஏறவில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷம் இறக்காமல் கடித்திருக்கும். இந்த ஐந்து பேருக்கும் பத்து வேர் அரைத்துக் கொடுத்தாலும், தண்ணி ஓதிக் கொடுத்தாலும், ஒன்றுமே செய்யாமல் திண்ணையில் இருத்தி வைத்தாலும் சுகம்தான். எல்லாப் புகழும் கொடுத்தவருக்குப் போகும். விஷம் உண்மையாக ஏறினவர் இறந்தால் "பிந்திக் கொண்டுவந்தாங்க", "விதி முடிஞ்சிட்டு" என்று ஆகும். வென்ற கணக்கு ஊர் வாயில் இருக்கும். தோற்ற கணக்கு மையவாடியில் இருக்கும்.

பாணிக்கும் இதே கணக்குத்தான். கொவிட் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் எதுவும் குடிக்காமலே சுகமானார்கள். பாணி குடித்தவர்களும் சுகமானார்கள். நன்றி பாணிக்குப் போனது.

விஷக்கடிக்கு நாட்டு வைத்தியத்தில் பெயர்பெற்ற ஒரு கொடி ஈச்சுரமூலி. சிங்களத்தில் சப்சந்த என்பார்கள். தெற்காசியா முழுக்க இதன் வேருக்கு மதிப்பு. இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்றொரு பொருள் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம் அந்த மூலிகைக் கலவையில் சேர்ந்திருந்த இதே குடும்பச் செடி. சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இன்று அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. பல நூற்றாண்டாகக் கொடுத்தும் ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை? மருந்து இன்றைக்கு, நோய் பல வருசத்துக்குப் பிறகு. எவ்வளவு நல்ல பரிசாரியின் கண்ணுக்கும் அந்தத் தூரம் தெரியாது. 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்ற பேச்சு எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. அரளியும் இயற்கைதான்.

இப்ப ஆஸ்பத்திரிப் பக்கத்தையும் பார்ப்போம். விஷமுறி ஊசி உயிர் காக்கும் மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் இலங்கையில் பாவிக்கிற ஊசி இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றிச் செய்யப்பட்டது. நாகம், புடையன் உட்பட நாலு வகைக்கு அது. நம்மட நாட்டில் நிறையக் கடிக்கிற, சிங்களத்தில் குணகட்டுவா எனும் சின்ன விரியனுக்கு அது சரிவராது. ஊசி போட்ட பலருக்குக் கடும் ஒவ்வாமையும் வரும். அதைத் தடுக்க ஆஸ்பத்திரிகளில் வழமையாக ஹைட்ரோகோட்டிசோன், புரோமெதசின் இரண்டையும் கொடுத்து வந்தார்கள். எல்லா டொக்டரும் கொடுத்தார்கள், பாடப்புத்தகத்திலும் இருந்தது. அது பலன் தருதா என்று இலங்கை வைத்தியர்களே ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் ஒரு பரிசோதனை நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். யாருக்கு எந்த மருந்து போனது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்த டொக்டருக்கும் தெரியாது. முடிவு: அந்த இரண்டு மருந்திலும் பிரயோசனம் காணப்படவில்லை. குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தவர்களுக்கே கடும் ஒவ்வாமை குறைந்தது.

இந்த ஒரு ஆய்வுக்காகத்தான் பாம்புக்கடிக் கதையை இவ்வளவு நீட்டினோம். இங்கிலீசு மருத்துவம் எப்போதும் சரி என்பதால் அதை நம்பச் சொல்லவில்லை. அது பிழை விட்டிருக்கு, நிறையவே விட்டிருக்கு. ஆனால் தன்னுடைய பழக்கத்தையே சோதித்து, "நாங்க இவ்வளவு காலமும் கொடுத்தது வேலை செய்யல்ல" என்று எழுதி வெளியிடுகிற ஒரு வழி அதற்குள் இருக்கிறது. அந்த வழியை நாட்டு மருந்துக்கும் திறந்துவிடுங்க என்பதுதான் நாங்கள் கேட்பது. அதில் தேறினால் அது நாட்டு மருந்தும் இல்லை, இங்கிலீசு மருந்தும் இல்லை. வெறும் மருந்து.

விஞ்ஞானம் என்ற பெயரில்

ஆனால் 'விஞ்ஞானம்' என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போகவும் முடியாது. அதை இந்த நாட்டு முஸ்லிம்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கொவிட்டால் இறந்தவர்களைப் புதைக்கலாம், எரிக்கலாம் இரண்டும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியது. இலங்கை அரசு ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கி வர்த்தமானி வெளியிட்டது. நிலத்தடி நீர் மாசடையும் என்றது நிபுணர் குழு. எந்தக் கிணற்றில், எந்தச் சோதனையில், எவ்வளவு வைரஸ் கண்டீர்கள் என்பதற்குப் பதில் வரவில்லை. டிசம்பர் 1ஆம் திகதி உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அடுத்த வாரம்தான் அந்தக் குழந்தை. பொரளை மயானத்தின் கேற்றில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை, எல்லாச் சமூகத்தவரும் வந்து கட்டினார்கள். 2021 புதுவருசத்தை ஒட்டிய நாட்களில் சமுதாய மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் புதைப்பதால் நோய் பரவும் என்பதற்குச் சான்றில்லை என்று அறிக்கை விட்டன. அதாவது அரசாங்கத்தின் 'விஞ்ஞானத்தை' மறுத்தவர்களும் விஞ்ஞானிகளே. பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இந்தக் காயத்துக்குப் பிறகு நம்மட ஆக்களில் சிலர் "டொக்டர்மாரே வேண்டாம், ஊசியும் வேண்டாம்" என்று சொன்னதை நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் அவர்களோடு சேர முடியாது. ஜனாஸாக்களை எரித்தது அரசியல். அதை நிறுத்தப் போராடினவர்கள் கையில் வைத்திருந்த ஆயுதம் சான்று. அதைத் தூக்கிப் போட்டால் அடுத்த முறை எதைக் கொண்டு வாதாடுவது?

நம்பிக்கை குறைய வேறு நியாயங்களும் உண்டு. வெளிநோயாளர் பிரிவில் மூன்று மணித்தியாலம் காத்திருந்தால் இரண்டு நிமிசம். டொக்டர் முகத்தைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். பரிசாரியோ வாப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்து, கையைப் பிடித்து நாடி பார்ப்பார். அந்த ஆறுதலும் ஒரு மருந்துதான், ஆஸ்பத்திரி அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். மருந்துக் கம்பனிகளின் இலாபவெறி இன்னொன்று. அதற்கும் பதில் சொன்னவர் நம்மட நாட்டவர்தான். பேராசிரியர் சேனக பிபிலே விலையுயர்ந்த வணிகப் பெயர் மருந்துகளுக்குப் பதிலாகத் தேவையான மருந்துகளை மூலப்பெயரில், மலிவாக, தரம் பார்த்து வாங்கும் திட்டத்தை வகுத்தார். 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் அதில் பிறந்தது. கம்பனிகளை எதிர்க்க அவர் விஞ்ஞானத்தை விட்டு ஓடவில்லை, அதைத்தான் பாவித்தார். அதே நாட்டில் 2023இல் தரமில்லாத இம்யூனோகுளோபுலின் குப்பிகள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தன. அந்த வழக்கில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதானார். ஆஸ்பத்திரி மருந்தென்றாலும் கேள்வி கேட்டே ஆகவேண்டும் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே எங்கள் பரிந்துரை சின்னது. கொத்தமல்லி அவித்துக் குடிக்கிற மூத்தம்மாவோடு யாரும் சண்டைக்குப் போகத் தேவையில்லை, தடிமனுக்கு அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் புற்றுநோய், சீனி, பாம்புக்கடி, சின்னப் பிள்ளையின் காய்ச்சல் என்று உயிர் போகிற விசயம் வரும்போது, மருந்து தருகிறவர் யாராக இருந்தாலும் நாலு கேள்வி கேட்போம். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தது? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டதா? சுகமாகாதவர்களின் கணக்கு எங்கே? இதற்குள் என்ன இருக்கிறது, அது உடம்பில் என்ன செய்யும்?

பரிசாரியிடம் கேட்போம். டொக்டரிடமும் கேட்போம். வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறவரிடமும், கமெராவுக்கு முன்னால் குடிக்கிற அமைச்சரிடமும் கேட்போம். கேட்டதற்குக் கோபப்படாமல் பதில் சொல்கிறவர் எந்த வைத்தியம் பார்த்தாலும் மரியாதைக்குரியவர். பாம்பு கடித்தால் மட்டும் கேள்வியை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக்கொள்ளலாம். முதலில் அங்கே போய்ச் சேருங்க.